விலைக்கு வந்த பல்கலைக்கழகம்

சிகாகோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், இண்டியானா மாநிலத்தில், வால்பரைசோ என்று ஓர் ஊர் இருக்கிறது. கடலே இல்லாத அந்த ஊருக்குச் சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர். 1814இல் அந்தத் துறைமுகத்தின் அருகே ஆங்கிலேயக் கப்பல்களோடு போரிட்டுத் தோற்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி டேவிட் போர்ட்டரின் பெயரை மாவட்டத்துக்கு வைத்தவர்கள், அவர் போரிட்ட இடத்தின் பெயரைத் தலைமை ஊருக்கு வைத்துவிட்டார்கள். ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் வால்பரைசோ பல்கலைக்கழகம் இன்று அமெரிக்காவின் பெயர்பெற்ற லுத்தரன் பல்கலைக்கழகங்களில் ஒன்று. தனியாருடையது. ஒரு தொழிலை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பாமல் இலக்கியம், வரலாறு, தத்துவம், அறிவியல், இறையியல் எல்லாவற்றையும் தொட்டுச் செல்ல வைக்கும் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ மரபைச் சேர்ந்தது. அதன் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 1925ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நொடித்துப்போன ஒரு பழைய கல்லூரி. இந்தப் பக்கம் லுத்தரன்கள் கட்டியெழுப்பிய புதிய பல்கலைக்கழகம். அந்தக் கோடு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிரித்ததைவிட இணைத்தது அதிகம் என்பது என் எண்ணம். லுத்தரன்களுக்கு முன்பு அங்கே இருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிதான், பின்னால் வந்த லுத்தரன் பல்கலைக்கழகத்துக்கு அதன் குணத்தில் பாதியைக் கொடுத்தது.

தொடக்கம் மெதடிஸ்டுகளுடையது. 1859 செப்டம்பர் 21 அன்று ‘வால்பரைசோ ஆண் பெண் கல்லூரி’ என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கின. மெதடிஸ்ட் சபை தங்கள் ஊரில் கல்லூரி வைக்க வேண்டும் என்பதற்காக ஊர்க்காரர்களே 11,000 டாலர் திரட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிகாகோவுக்குப் போகும் ரயில் பாதை அந்த ஊரைத் தொட்டிருந்தது. ரயில் வந்த ஊருக்குக் கல்லூரியும் வேண்டும் என்று கடைக்காரர்களும் விவசாயிகளும் ஆசைப்பட்டது இயல்பு. பெயரிலேயே ‘பெண்’ என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஆணையும் பெண்ணையும் ஒரே கல்லூரியில் சேர்த்துப் படிக்கவைத்த நிறுவனங்கள் அப்போது விரல்விட்டு எண்ணத்தக்கவை. படிப்புக் கட்டணம் பருவத்துக்கு 8 டாலர். ஊருக்குள் அறையும் சாப்பாடும் வாரத்துக்கு ஏறக்குறைய 2 டாலர். இந்த இரண்டாவது தொகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு முழுவதும் படிப்புச் செலவைவிடத் தங்கும் செலவே பெரிய கேள்வியாக இருந்து வந்திருக்கிறது. கட்டுரையின் கடைசியிலும் அதே கேள்விதான் வந்து நிற்கும். உள்நாட்டுப் போர் கல்லூரியின் முதுகெலும்பை முறித்தது. இளைஞர்கள் போருக்குப் போனார்கள், பணம் வற்றியது, 1871இல் கதவு மூடப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1873இல், ஹென்றி பேக்கர் பிரவுன் என்ற இளம் ஆசிரியர் அந்தப் பூட்டிய கட்டடத்தைத் திறந்தார். ‘வட இண்டியானா நார்மல் பள்ளி’ என்று பெயர் மாறியது. நார்மல் பள்ளி என்றால் அந்தக் கால வழக்கில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. ஆனால் பிரவுன் அதோடு நிற்கவில்லை. வணிகக் கணக்கு, 1879 முதல் சட்டம், பிறகு மருத்துவம் என்று தேவைப்பட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனார். கூட்டாளி ஆலிவர் பெர்ரி கின்சியும் அவரும் நடத்திய நிறுவனத்தின் அடிப்படைக் கணக்கு எளிமையானது: கட்டணத்தையும் விடுதிச் செலவையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது, வருகிறவர் யாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்வது, எந்தப் பருவத்தில் வந்தாலும் அவர் தகுதிக்கு ஏற்ற வகுப்பில் உட்காரவைப்பது. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசோடு ரயிலேறி வரும் பண்ணை வீட்டுப் பையனை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு புரியும். அவனுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இருக்காது, ஒரே மூச்சில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கவும் வசதி இருக்காது. ஒரு பருவம் படிப்பான், ஊருக்குப் போய்ப் பள்ளியில் பாடம் நடத்திச் சம்பாதிப்பான், திரும்பி வருவான். இப்படிப்பட்டவர்களால் நிரம்பிய இடத்துக்கு ‘ஏழையின் ஹார்வர்டு’ என்ற பெயர் தானாக வந்தது. 1906இல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டுவாக்கில் மாணவர் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. நாட்டின் மிகப் பெரிய கல்வி நிறுவனங்களின் வரிசையில் அப்போது அதற்கு இடம் இருந்தது. டென்னசி பள்ளத்தாக்கு அணைத் திட்டத்துக்குத் தந்தை என்று போற்றப்படும் செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் இங்கே சட்டம் படித்தவர். ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்ற மனிதரை உலகம் அறியச் செய்த பத்திரிகையாளர் லோவல் தாமஸ் 1911இல் இங்கே பட்டம் பெற்றவர்.

இந்தக் காலத்தை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. தரம் பார்க்காமல் சேர்த்தார்கள், பட்டங்களை மலிவாக்கினார்கள் என்பது அவர்கள் குறை. குறையில் உண்மை இல்லாமல் இல்லை. கல்லூரிகளை ஆய்ந்து அங்கீகாரம் அளிக்கும் அமைப்புகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றபோது, நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் பணம் போடாத வால்பரைசோ பின்தங்கியது. மலிவான கட்டணத்தில் சேமிப்பு மிஞ்சாது; அறக்கொடை நிதி என்று எதுவும் இல்லை. மாநில அரசுகள் தாங்களே ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் விரிவாக்கியபோது, பிரவுனின் பிள்ளைகளுக்கு வேறு கதவுகள் திறந்தன. 1912இல் பிரவுன் பக்கவாதத்தில் படுத்தார், 1917இல் காலமானார். அதே ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி மாணவர்களை இழுத்துக்கொண்டது. ஒரு மனிதரின் உழைப்பிலும் நன்மதிப்பிலும் நின்ற நிறுவனம் அவரோடு சாய்வதை நாம் நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். 1920களின் தொடக்கத்தில் வால்பரைசோ கடனில் மூழ்கி, வாங்குவதற்கு ஆள் தேடியது.

முதலில் கை நீட்டியவர்கள் கூ கிளக்ஸ் கிளான். 1923இல் இண்டியானாவின் கிளான் அமைப்பு இந்தப் பல்கலைக்கழகத்தை வாங்கித் தங்கள் கொள்கைக்கான நிறுவனமாக மாற்றப்போவதாகச் செய்தி பரவியது. இது ஏதோ விளிம்பில் இருந்த கும்பலின் கனவு என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய இண்டியானாவில் கிளானின் உறுப்பினர் எண்ணிக்கை 2.5 லட்சம் அளவில் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆளுநர் முதல் ஊர் மேயர் வரை அதன் கை நீண்டிருந்த காலம் அது. கறுப்பினத்தாரை மட்டுமல்லாமல் கத்தோலிக்கரையும் யூதரையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் எதிரிகளாக எண்ணிய அமைப்பு, தன் பிள்ளைகளுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டது. பேரம் பணம் இல்லாமல் முறிந்தது. தேசிய அமைப்பு கைவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1925இல், லுத்தரன் போதகர்களும் சபை மக்களும் சேர்ந்து அமைத்த ‘லுத்தரன் பல்கலைக்கழகச் சங்கம்’ அதே சொத்தை வாங்கியது.

இந்த இரண்டு வாங்குபவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வால்பரைசோவின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். அன்றைய மத்திய மேற்கு அமெரிக்காவின் லுத்தரன்களில் பெரும்பாலோர் ஜெர்மன் வழியினர். வீட்டிலும் சபையிலும் ஜெர்மன் பேசியவர்கள். ஒவ்வொரு சபைக்கும் ஒரு பள்ளிக்கூடம் வைத்து நடத்தியவர்கள். முதல் உலகப் போர் அவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக ஆக்கியது. 1919இல் இண்டியானா பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதைச் சட்டம் தடைசெய்தது. நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற லுத்தரன் பள்ளி ஆசிரியர், ஒரு சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 1923இல்தான் அந்தத் தண்டனையை நீக்கியது. 1922இல் ஓரிகன் மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று ஒரு சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதற்குக் கிளான் முழு ஆதரவு கொடுத்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை ஒழிப்பதே குறி என்றாலும், லுத்தரன் பள்ளிகளின் கதவையும் அது மூடியிருக்கும். 1925 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் செல்லாது என்றது. தங்கள் பள்ளிக்கூடங்கள் நாளை இருக்குமா என்று பல ஆண்டுகள் அஞ்சிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தார், அந்த அச்சம் தீர்ந்த அதே ஆண்டில், தங்களை அச்சுறுத்திய அமைப்பு வாங்கத் தவறிய பல்கலைக்கழகத்தை வாங்கினார்கள். அவர்கள் திட்டமிட்டுப் பழிதீர்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் ஒரு சிறுபான்மை தனக்கென்று உயர்கல்விக் கூடம் வேண்டும் என்று உணர்வதற்கான காரணங்கள் அனைத்தும் அந்த ஆறு ஆண்டுகளில் குவிந்துகிடந்தன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பிரவுனின் பள்ளி எல்லோருக்கும் திறந்திருந்தது. லுத்தரன்கள் வாங்கியதோ தங்கள் பிள்ளைகளைத் தங்கள் நம்பிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ள. திறந்த கதவை மூடிய வேலிக்குள் கொண்டுபோனதை எப்படித் தொடர்ச்சி என்று சொல்வது? முதல் பதினைந்து ஆண்டுகளைப் பொறுத்தவரை இந்த மறுப்புக்கு நான் தலைவணங்குகிறேன். 1929இல் அங்கீகாரம் கிடைத்தது, கல்வித்தரம் உயர்ந்தது. அதற்கு விலையாகப் பழைய கூட்டம் போய்விட்டது. ஆனால் வாங்கியவர்கள் செய்த ஒரு காரியம் பின்னால் எல்லாவற்றையும் மாற்றியது. அவர்கள் பல்கலைக்கழகத்தைச் சபையின் பெயரில் எழுதவில்லை. அந்த லுத்தரன்களில் பெரும்பாலோர் சேர்ந்திருந்த மிசௌரி சினாடு பல கல்லூரிகளைத் தன் நேரடிப் பொறுப்பில் நடத்தியது. அவை பெரும்பாலும் போதகர்களையும் சபைப் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்கவே இருந்தன. அதே சினாடுதான் 1895இல் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கி, பின்னர் ஆம்பூரிலும் நாகர்கோவிலிலும் பள்ளிகளும் மருத்துவமனையும் இறையியல் கல்லூரியும் வைத்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் சிலருக்கு ஆம்பூர் பெத்தேஸ்தா மருத்துவமனையின் வழியாக அந்தச் சபை பழக்கமானதாக இருக்கும். வால்பரைசோ அந்தச் சபையின் மக்களுடையது. ஆனால் சபையின் சொத்தல்ல. தனிச் சங்கத்தின் சொத்து. போதகர்களை உருவாக்குவது அதன் முதல் வேலையும் அல்ல. பொறியாளரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் செவிலியரும் ஆகப்போகிறவர்களுக்காகச் சபை மக்கள் வைத்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது. அந்த வகையில் அது பிரவுனின் பள்ளிக்குத்தான் நெருக்கம்.

இந்த நெருக்கத்துக்கு லுத்தரன் இறையியலிலேயே ஒரு வேர் இருக்கிறது. துறவியின் வாழ்வு உயர்ந்தது, செருப்புத் தைப்பவரின் வாழ்வு தாழ்ந்தது என்ற நினைப்பை மார்ட்டின் லுத்தர் உடைத்தார். பிறருக்குப் பயன்படும் எந்த வேலையும் கடவுள் அழைத்துக் கொடுத்த வேலையே என்றார். ‘பெரூஃப்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தொழில் என்ற பொருளும் அழைப்பு என்ற பொருளும் சேர்ந்தே அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் சபைத் தமிழில் ‘அழைப்பு’ என்றால் பெரும்பாலும் ஊழியத்துக்கு வருவதைத்தான் நினைக்கிறோம். லுத்தருடைய சொல் அதைவிட அகலமானது. 1524இல் அவர் ஜெர்மன் நகர சபைகளுக்கு எழுதிய நீண்ட வேண்டுகோளில் ஆண் பெண் இருபாலருக்கும் பள்ளி வையுங்கள் என்று கேட்டதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சி. நகரத்தை நடத்தவும் வீட்டை நடத்தவும் படித்தவர்கள் வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். இதெல்லாம் பிற்காலத்தில் கல்லூரிக் கையேட்டுக்காக ஒட்டவைத்த விளக்கம் என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்கு நான் 1948ஐக் காட்டுவேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைவீரர்களுக்கான அரசு உதவித்தொகையில் கல்லூரிகள் எல்லாம் நிரம்பி வழிந்த காலம் அது. வால்பரைசோவில் பொறியியல் படித்தவர்கள் அதுவரை இரண்டு ஆண்டுகள் இங்கே படித்துவிட்டு, மீதியைப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முடிப்பது வழக்கம். தங்கள் வகுப்புகளே நிரம்பிவிட்டதால் இனி இடம் தர முடியாது என்று பர்டியூ கைவிரித்தது. முழுப் படிப்பையும் இங்கேயே நடத்த வேண்டுமானால் ஆய்வுக்கூடம் வேண்டும். ஆய்வுக்கூடம் கட்டப் பணம் இல்லை. மாணவர்கள் தாங்களே கட்டுகிறோம் என்றார்கள். கட்டவும் செய்தார்கள். செங்கல் அடுக்கியது, சிமெண்ட் கலந்தது எல்லாம் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கப்போகிறவர்களே. வகுப்பில் கற்ற கணக்கு சுவர் எழுப்பும்போது சரியாக வருகிறதா என்று தங்கள் கையாலேயே பார்த்த மாணவர்கள் அவர்கள். 1951இல் இந்த நிகழ்வை வைத்து ‘வென்ச்சர் ஆஃப் ஃபெய்த்’ என்று ஒரு படமும் எடுக்கப்பட்டது. பிரவுன் காலத்துப் பண்ணைப் பையன்கள் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் தங்கள் பள்ளியை அடையாளம் கண்டிருப்பார்கள். பணம் இல்லை என்பதைக் காரணமாக்கி ஒதுங்காமல் உழைப்பைக் கொடுத்துப் படிப்பை வாங்கிக்கொள்வது அந்த வளாகத்துக்கு 1873 முதலே பழக்கமான முறை. அதற்கு லுத்தரன்கள் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் கொடுத்தார்கள்.

அப்போது தலைவராக இருந்தவர் ஓ. பி. கிரெட்ஸ்மான். 1940 முதல் 1968 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், அவர் கையில் இந்தப் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. சபை இளைஞர் இயக்கத்திலிருந்து வந்தவர், ‘கிரெசெட்’ என்ற இலக்கிய இதழை 1937இல் தொடங்கியவர். வளாக வாழ்க்கையின் மூன்று ஏற்பாடுகளில் அவர் காலத்தின் முத்திரை தெரிகிறது. முதலாவது, 1943இல் மாணவர்கள் முன்வைத்து ஏற்கப்பட்ட நாணய உறுதிமொழி. தேர்வுத்தாளின் மேல், தான் யாருக்கும் அனுமதியற்ற உதவியைத் தரவில்லை, யாரிடமும் பெறவில்லை, பிறர் பெறுவதைச் சகித்துக்கொண்டு இருக்கவும் இல்லை என்ற கருத்தில் ஒரு வாக்கியத்தை மாணவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது உறுப்புதான் கடினமானது. காப்பி அடிக்காமல் இருப்பது எளிது. பக்கத்தில் இருப்பவர் அடிக்கும்போது பேசாமல் இருக்க மாட்டேன் என்று எழுதித் தருவது வேறு. கண்காணிக்கும் பொறுப்பை ஆசிரியரிடமிருந்து எடுத்து மாணவர்களிடமே கொடுத்துவிடும் இந்த ஏற்பாடு, போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் இளைஞர்களே கேட்டு வாங்கியது என்பதை நான் மதிக்கிறேன். இரண்டாவது, ஆராதனை நேரம். வாரநாள்களில் காலையில் ஆலய ஆராதனைக்கென்று ஒரு சிறு இடைவெளி. அந்த நேரத்தில் வகுப்பு வைப்பதில்லை. 1956இல் பழைய ஆலய அரங்கம் தீயில் எரிந்துபோன பின், சார்லஸ் ஸ்டேட் வடிவமைத்த புதிய ஆலயம் 1959 செப்டம்பரில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒன்பது முனை விண்மீன் போல மடிந்து உயரும் கூரை, பலிபீடத்துக்குப் பின்னால் விரியும் உயரமான வண்ணக் கண்ணாடிகள், ஏறக்குறைய 2,000 பேர் உட்காரும் இடம். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆலயமாக உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. மூன்றாவது, 1967இல் தொடங்கிய கிறிஸ்து கல்லூரி. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தேர்ந்த மாணவர்களுக்கான சிறப்புக் கல்லூரி. அங்கே முதலாண்டுக்காரர்கள் வந்து சேர்ந்த முதல் பருவத்திலேயே செவ்வியல் நூல்களைப் படித்து விவாதிக்கிறார்கள். அதோடு அவர்களே சேர்ந்து ஓர் இசை நாடகம் எழுதி, மெட்டமைத்து, மேடையேற்றுகிறார்கள். பொறியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒரே நாடகத்துக்குப் பாட்டுக் கட்டுவதைவிட லிபரல் ஆர்ட்ஸுக்கு நல்ல விளக்கம் கிடைக்காது.

மதம் சார்ந்த பல்கலைக்கழகத்தில் சுதந்திரமான சிந்தனை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானது. மிசௌரி சினாடின் வரலாறே அந்த ஐயத்துக்குத் தீனி போடும். வேதத்தை வரலாற்று முறையில் ஆய்வது பற்றிய சண்டை முற்றி, 1974 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் நகரின் கன்கார்டியா இறையியல் கல்லூரியில் பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பெரும்பாலோர் வெளியேறினார்கள். சபை கையில் வைத்திருக்கும் கல்விக்கூடத்தில் சபையின் சண்டை நேராக வகுப்பறைக்குள் வந்துவிடும் என்பதற்கு அது பாடம். வால்பரைசோவில் அப்படி நடக்காததற்குக் காரணம் அங்கே எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தது அல்ல. 1925இல் சொத்து யார் பெயரில் எழுதப்பட்டது என்பதுதான். கிறிஸ்தவக் கோட்பாட்டு வரலாற்றின் பேரறிஞர் யாரோஸ்லாவ் பெலிக்கான் தம் ஆசிரியப் பணியை 1946இல் தொடங்கியது இங்கேதான். நம்பிக்கை வேலியாவதும் ஊன்றுகோலாவதும், இறையியலைப் பொறுத்ததைவிட நிர்வாக அமைப்பைப் பொறுத்தது என்ற முடிவுக்கே இந்தச் சான்றுகள் என்னைக் கொண்டுசெல்கின்றன.

விளையாட்டு அணிகளின் பெயரிலும் இந்த வரலாறு பதிந்திருக்கிறது. லுத்தரன்கள் வந்த பிறகு அணிக்கு ‘ஊலான்’ என்று பெயர்; பிரஷ்யப் படையின் ஈட்டிக் குதிரைவீரர்கள். ஜெர்மன் பெருமையை மறைக்காத பெயர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், 1942இல், அது ‘குருசேடர்’ ஆனது. சிலுவைப் போர் வீரர். அந்தப் பெயரோடுதான் 1998 மார்ச்சில் கூடைப்பந்து அணி மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைக் கடைசி நொடியில் 70-69 என்று வென்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2021இல் அந்தப் பெயரும் கைவிடப்பட்டது. வெறுப்பு அமைப்புகள், குறிப்பாகக் கூ கிளக்ஸ் கிளான், அந்தச் சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டிருப்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1923இல் சொத்தை வாங்க வந்தவர்களின் நிழல் 98 ஆண்டுகள் கழித்து ஒரு பெயரிலிருந்து நீக்கப்பட்டது. இப்போதைய பெயர் ‘பீக்கன்’, கலங்கரை விளக்கொளி. சங்கீதம் 36இலிருந்து எடுத்த, ஒளியைப் பற்றிய பல்கலைக்கழகக் குறிக்கோளுக்குப் பொருந்துவது. பழைய மாணவர்களில் பலருக்குக் கோபம். பாரம்பரியத்தை அழிக்கிறார்கள் என்றார்கள். பெயர் ஏற்கெனவே ஒருமுறை காலம் கருதி மாற்றப்பட்டதுதான் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

கடைசியாக, என் வாதத்தை உண்மையிலேயே சோதிக்கும் இடம். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது. 1879 முதல் இருந்த சட்டக் கல்லூரி மூடப்பட்டுவிட்டது. 2023இல் நிர்வாகம், தன் அருங்காட்சியகத்திலிருந்த மூன்று ஓவியங்களை விற்று, அந்தப் பணத்தில் முதலாண்டு மாணவர் விடுதிகளைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தது. ஜார்ஜியா ஓ’கீஃபின் ‘துருச் சிவப்பு மலைகள்’, ஃபிரடெரிக் சர்ச், சைல்டு ஹாசம் ஆகியோரின் தலா ஒரு நிலக்காட்சி. ஓ’கீஃபின் ஓவியம் 1962இல் ஒரு நன்கொடையாளர் விட்டுச்சென்ற நிதியில் வாங்கப்பட்டது. அருங்காட்சியகச் சங்கங்கள் கண்டித்தன. அருங்காட்சியகத்தின் நிறுவன இயக்குநரே நீதிமன்றம் போனார். பல்கலைக்கழகத்தின் கடந்த காலம் ஏழை மாணவரின் தங்குமிடம் பற்றியது என்று சொல்லி வந்த நான் விடுதியின் பக்கம் நிற்க வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். விடுதி சீராக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வாரம் 2 டாலருக்கு அறை தேடி வந்தவர்களால் நின்ற இடம் அது. ஆனால் பிரவுன் மலிவாகக் கொடுத்தது தம் உழைப்பை. 1948இன் மாணவர்கள் கொடுத்தது தங்கள் உழைப்பை. 1925இன் சபை மக்கள் கொடுத்தது தங்கள் பணத்தை. ஓவிய விற்பனையில் கொடுக்கப்படுவது, இறந்துபோன ஒருவர் வேறு நோக்கத்துக்காக நம்பி ஒப்படைத்தது. தேர்வுத்தாளில் நாணயத்தைக் கைப்பட எழுதச் சொல்லும் பல்கலைக்கழகம், தான் ஏற்றுக்கொண்ட நம்பிக்கைப் பொறுப்பையும் அதே கண்டிப்போடு காக்கக் கடமைப்பட்டது. அந்த ஓவியங்களை விற்க முனைந்தது தவறு.